மேக்னெட்டோ செக்ல ஆர்பிஎம் குறையவே இல்லையா? அப்போதான் கவனிக்கணும்

[திரையில்: விமானத்தோட கீ சுவிட்ச். ஆஃப், ரைட், லெஃப்ட், போத், ஸ்டார்ட்]

சின்ன பிஸ்டன் விமான எஞ்சின்ல பிளக்குக்குத் தீப்பொறி கரண்ட் தர்ற மேக்னெட்டோ ரெண்டு இருக்கும். அதைச் சோதிக்க ஓட்டுறவங்க டேக்ஆஃபுக்கு முன்னாடி ரன்-அப் பண்ணுவாங்க, எஞ்சினை 1700, 1800 ஆர்பிஎம்ல வச்சுட்டு கீயை போத்ல (ரெண்டும் ஓடும்) இருந்து ரைட்டுக்கு (வலது மட்டும் ஓடும்), திரும்ப போத், அப்புறம் லெஃப்ட், திரும்ப போத். செஸ்னா 172எஸ்ல 1800 ஆர்பிஎம்ல ஒரு மேக்னெட்டோவுக்கு 150க்கு மேல குறையக்கூடாது, ரெண்டுக்கும் வித்தியாசம் 50க்குள்ள இருக்கணும். இதைப் பாத்துட்டு குறையவே இல்லைன்னா எஞ்சின் சூப்பர்னு நெனச்சுக்குறவங்க நிறைய பேர். அப்படி இல்லீங்க, கொஞ்சமாவது குறைஞ்சே ஆகணும்.

ஏன்னா ஒவ்வொரு சிலிண்டர்லயும் ரெண்டு பிளக், ஒண்ணு ஒரு மேக்னெட்டோவுக்கு, இன்னொண்ணு அடுத்ததுக்கு. ரெண்டும் சேந்து பத்த வச்சா ரெண்டு பக்கத்துல இருந்தும் தீ பரவி சீக்கிரமா எரிஞ்சு முடியும். ஒண்ணை நிறுத்தினா ஒரே பக்கத்துல இருந்து தீ முழு சிலிண்டரையும் கடந்து போகணும், லேட்டாகும், பவர் குறையும். அப்போ குறையவே இல்லைன்னா நிறுத்தின மேக்னெட்டோ உண்மையில நிக்கலைன்னு சந்தேகப்படணும்.

மேக்னெட்டோவுக்கு பேட்டரி வேண்டாம். உள்ள காந்தம் சுத்தும், காயில்ல கரண்ட் உருவாகும், பாயிண்ட்ஸ்ங்கற சுவிட்ச் முனைகள் திறக்குற அந்த நொடியில பிளக்குக்கு ஹை வோல்டேஜ் போகும். அதனால ஆஃப்ங்கறது கரண்டை வெட்டுறது இல்ல, பி-லீட்னு ஒரு வயர் வழியா பிரைமரி காயிலை கிரவுண்ட் பண்றது, அவ்ளோதான். அந்த வயர் அறுந்துட்டா கீ உங்க கைல இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடதான் இருக்கும், யாராவது ப்ரொப்பெல்லரைக் கையால லேசா திருப்பினா எஞ்சின் பத்திக்கலாம். ஆளை வெட்டிடும்ங்க அது. எஞ்சினை நிறுத்துறதுக்கு முன்னாடி ஐடில்ல ஒரு நொடி கீயை ஆஃப்ல வச்சுப் பாருங்க (உங்க மேனுவல் அனுமதிச்சா), எஞ்சின் சாகப்போற மாதிரி தணியணும். தணியலைன்னா அந்த விமானத்துகிட்ட யாரையும் விடாதீங்க, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. எந்த ப்ரொப்பெல்லரையும் எப்பவும் உயிரோட இருக்குன்னு நெனச்சே தொடணும்.

இப்போ நிறைய குறையுதுன்னு வச்சுக்கோங்க, எப்படிக் குறையுதுன்னு பாருங்க. எஞ்சின் உதறிக்கிட்டே குறைஞ்சா பெரும்பாலும் ஏதோ ஒரு பிளக் வேலை செய்யல. 100 எல்எல்ங்கற விமான பெட்ரோல்ல ஈயம் இருக்கு, அது கட்டியா பிளக்ல படியும், அதுவும் கீழ் பிளக்ல அதிகமா. மிக்ஸ்சரை லீன் பண்ணி (கலவையில பெட்ரோலைக் குறைச்சு) கொஞ்ச நேரம் ஓட்டினா பல தடவை எரிஞ்சு போயிடும். உதறாம மெதுவா நிறைய குறைஞ்சா டைமிங் தள்ளிப் போயிருக்கான்னு பாக்கணும். எல்லா சிலிண்டருக்கும் இஜிடி மீட்டர் (வெளிய போற புகையோட சூட்டைக் காட்டுறது) இருந்தா ரொம்ப சுலபம்: ஒரே மேக்னெட்டோவுல ஓட்டும்போது எல்லா சிலிண்டரும் ஏறும், பிளக் செத்த சிலிண்டர் மட்டும் விழும்.

[திரையில்: திறந்து வச்ச மேக்னெட்டோ, பாயிண்ட்ஸ் குளோஸ்அப்]

ஆனா ரன்-அப்ல எல்லாம் நல்லா இருந்தாலும் மேக்னெட்டோ உள்ளுக்குள்ள தேஞ்சுக்கிட்டே இருக்கும், அது வெளிய தெரியாது. பாயிண்ட்ஸ் அரிச்சா டைமிங் முன்னாடி போகும், பாயிண்ட்ஸைத் தள்ளித் திறக்குற கேம் ஃபாலோயர் தேஞ்சா பின்னாடி போகும், ரெண்டும் சேந்து நடந்தா ஒண்ணை ஒண்ணு சமன் பண்ணி வெளி டைமிங் சரியாவே காட்டலாம், ஆனா உள்ள தேய்மானம் நடந்துக்கிட்டேதான் இருக்கும். அதான் ஸ்லிக், பெண்டிக்ஸ்ங்கற ரெண்டு மேக்னெட்டோ பிராண்டுக்குமே 500 மணி நேரத்துல கழட்டி உள்ள பாக்கச் சொல்றாங்க: டிஸ்ட்ரிபியூட்டர்ல கார்பன் கோடு, ஆயில் சீல் கசிவு, ஸ்டார்ட் பண்ணும்போது மேக்னெட்டோவை வெடுக்குன்னு சுத்தி விடுற இம்பல்ஸ் கப்ளிங்கோட தேய்மானம் எல்லாம். அந்த இம்பல்ஸ் கப்ளிங் உடைஞ்சா துண்டு எஞ்சினுக்குள்ள போகலாம். இந்த 500ஐத் தள்ளிப் போடுறதுக்கு எனக்கு ஒரு நல்ல காரணமும் தெரியல.

பிளக் விஷயம் சுருக்கமா. கீழ விழுந்த பிளக்கைத் தூக்கிப் போடுங்க, பாக்க நல்லா இருந்தாலும் சரி, உள்ள பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம். ஓம் மீட்டர்ல ரெசிஸ்டன்ஸ் பாருங்க, 5000 ஓம்ஸ் தாண்டினா மாத்துறது நல்லது. மாட்டும்போது இடத்தை மாத்தி மாட்டுங்க, மேல் பிளக் கீழ, கீழ் பிளக் மேல, அப்போதான் எலக்ட்ரோட் சமமா தேயும். டார்க் ரெஞ்ச் இல்லாம இறுக்காதீங்க.

அடுத்து எல்லாரும் கேக்குற எலக்ட்ரானிக் இக்னிஷன். மேக்னெட்டோவோட டைமிங் ஒரே இடத்துல நிக்கும், நிறைய லைகாமிங் எஞ்சின்ல பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு 25 டிகிரி முன்னாடி. ஃபுல் பவருக்கு அது சரி, ஆனா உயரத்துல மேனிஃபோல்டு பிரஷர் (எஞ்சினுக்குள்ள போற காத்தோட அழுத்தம்) குறைஞ்சு லீனா ஓடும்போது கலவை மெதுவா எரியும், இன்னும் முன்னாடியே பத்த வச்சாதான் நல்லது. எலக்ட்ரானிக் சிஸ்டம் அதைத் தானே பாத்து முன்னாடி நகத்தும். ஸ்டார்ட்டிங் சுலபமாகும், ஐடில் சீராகும், க்ரூஸ்ல கொஞ்சம் பெட்ரோல் மிச்சமாகும். தரைமட்டத்துல டேக்ஆஃப் பவர் பெருசா கூடும்னு எதிர்பாக்காதீங்க, அங்க டைமிங் கிட்டத்தட்ட அதேதான். டைமிங் முன்னாடி போகும்போது இஜிடி இறங்கும், சிலிண்டர் ஹெட் சூடு ஏறும், அதுல ஒரு கண்ணு வேணும். சர்ட்டிஃபைட் விமானமா இருந்தா உங்க எஞ்சின் மாடலுக்கு எஸ்டிசி (இப்படி மாத்திக்கலாம்னு விமானத்துறை தர்ற சான்றிதழ்) அனுமதி இருக்கான்னு மொதல்ல பாருங்க.

நான் சொல்றது, ஒரு பக்கம் எலக்ட்ரானிக் போட்டு இன்னொரு பக்கம் மேக்னெட்டோவை வச்சுக்கோங்க. ஏன்னா பெரும்பாலான எலக்ட்ரானிக் சிஸ்டத்துக்கு விமானத்தோட கரண்ட் வேணும், ஆல்டர்னேட்டரும் பேட்டரியும் போனா அதுவும் போச்சு. இப்படி மாத்தின பிறகு ரன்-அப் நம்பரும் மாறும்: மேக்னெட்டோவை நிறுத்தினா ஆர்பிஎம் ரொம்பக் கொஞ்சம்தான் குறையும், எலக்ட்ரானிக்கை நிறுத்தினா நல்லா குறையும். புதுசா மாட்டின அன்னைக்கே ரெண்டு நம்பரையும் எழுதி வைங்க, இனிமே உங்களுக்கு நார்மல் அதுதான். உள்ளயே சின்ன ஜெனரேட்டர் இருக்குற சிஸ்டமா இருந்தா ரன்-அப்ல மேக்னெட்டோவை ஆஃப் பண்ணிட்டு வெளிக் கரண்டையும் வெட்டுங்க, எஞ்சின் தொடர்ந்து ஓடணும், ஓடலைன்னா அன்னைக்குப் பறக்க வேண்டாம்.