சிலிண்டர் வெளியே, அடுப்பு உள்ளே: கடற்கரை வீட்டுக்கு எரிவாயுக் குழாய்ச் செலவு

நேயர்களுக்கு வணக்கம்.

சிலிண்டரை வீட்டுக்கு வெளியே வைத்து, செப்புக் குழாய் வழியாக அடுப்பங்கரைக்கு எரிவாயு கொண்டுவர நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "மொத்தமா எவ்வளவுங்க ஆகும்?" என்பதுதான். வேலை எடுப்பவரும் ஒரு மொத்தத் தொகை சொல்லிவிடுவார். அதை அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள். தேவிபட்டினத்திலிருந்து வாலிநோக்கம் வரை நம் இராமநாதபுரம் கரையில் உப்புக்காற்று முதலில் தின்பது குழாயைச் சுவரில் பிடிக்கும் கிளிப்பையும் திருகையும். மொத்தத் தொகைக்குள் மலிவுச் சரக்காகிப் போவதும் அவைதான். அதனால் எஸ்டிமேட்டை மூன்றாகப் பிரித்து எழுதி வாங்குங்கள்: மீட்டர் கணக்கு, எண்ணிக்கைக் கணக்கு, ஆள்கூலி. அதற்கும் முன்னால் உங்கள் கேஸ் ஏஜென்சியில் சொல்லி, அவர்கள் ஏற்கும் மெக்கானிக்கையே அமர்த்துங்கள்.

மீட்டர் கணக்கில் வருவது குழாய். டேப் பிடிக்கும்போது சுவரில் ஏறி இறங்குவதையும் சேர்த்து அளக்க வேண்டும். நேர்த்தூரம் 4 மீட்டர் என்றால் குழாய் 6, 7 மீட்டர் ஆகிவிடும். இரண்டு பர்னர் அடுப்புக்கு அந்தத் தூரம் வரை மூன்று நூல் குழாய், அதாவது 9.5 மில்லிமீட்டர் வெளிவிட்டம், தாராளமாகப் போதும். பார்க்க வேண்டியது குழாயின் கனம். 0.8 மில்லிமீட்டர் கனமுள்ள மூன்று நூல் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 195 கிராம் இருக்கும், 0.5 மில்லிமீட்டர் கனம் என்றால் 125 கிராம்தான். செம்பு எடைக்கு விலை போகிற பொருள். ஒரு கடையில் விலை மூன்றில் ஒரு பங்கு குறைவாகச் சொன்னால், குழாயை அளந்து எடை போடச் சொல்லுங்கள். மெல்லிய குழாய் வளைக்கிற இடத்தில் நசுங்கும், ஃபிளேர் பண்ணும்போது, அதாவது குழாயின் வாயைக் கூம்பாக விரிக்கும்போது, வாய் கீறும்.

குழாயைத் துண்டு துண்டாக வாங்காமல் ஒரே சுருளிலிருந்து எடுத்து, ஸ்பிரிங் போட்டு வளைத்துக் கொண்டுபோனால் இணைப்புகள் குறையும். ஒரு இணைப்பு குறைந்தால் பொருளும் கூலியும் மிச்சம், கசிவுக்கு ஒரு வாய்ப்பும் குறைவு. சுவருக்குள் இணைப்பு வரவே கூடாது. இணைப்புகளை ஈயப் பற்று வைத்து ஒட்ட வேண்டாம், சூடு பட்டால் உருகிவிடும். வெள்ளிப் பற்று அல்லது ஃபிளேர் நட் போடச் சொல்லுங்கள். ஃபிளேர் நட்டில் டெஃப்லான் டேப் சுற்றுவதைப் பார்த்தால் நிறுத்திவிடுங்கள். அங்கே கசிவை அடைப்பது கூம்பு வாயில் உலோகத்தோடு உலோகம் அமர்வதுதான். மரையில் டேப் ஏறினால் நட் சரியாக இறுகாது.

அடுத்தது எண்ணிக்கை. 7 மீட்டர் குழாய்க்கு அரை மீட்டருக்கு ஒன்றாக 15 கிளிப். பால் வால்வு, அதாவது எரிவாயுவைத் திறந்து மூடும் அடைப்பான், இரண்டு: ஒன்று சிலிண்டர் பக்கம், ஒன்று அடுப்புக்குப் பக்கவாட்டில், தீக்கு மேல் கை நீட்டாமல் எட்டுகிற இடத்தில். ரப்பர் ஹோஸ் இரண்டு, சுவரைத் தாண்ட ஒரு பிவிசி உறை. இதில் கிளிப்தான் முக்கியம். ஜி.ஐ. கிளிப்பை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கிளிப்பை, செம்பில் மாட்டி உப்பு ஈரத்தில் விட்டால், செம்பு அப்படியே இருக்கும், இரும்பு கரையும். கிளிப் அறுந்ததும் குழாய் தொங்கும். அந்தப் பாரம் ஃபிளேர் நட்டில் இறங்கி இணைப்பு தளரும். செம்புக் கிளிப் அல்லது நைலான் கிளிப் வாங்குங்கள். திருகு எவர்சில்வராக இருந்தால் மட்டும் போதாது, 316 ரகம் வேண்டும். 304 ரகம் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி விழுந்து அரிக்கும். 15 கிளிப்புக்கு இந்த வித்தியாசம் பெரிய தொகையும் இல்லை.

கீழக்கரை, இராமேசுவரம் பக்கத்துப் பழைய வீடுகளில் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) சுவர் இருந்தால் கூலியில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஒதுக்கி வையுங்கள். அதிர்வு டிரில் வைத்தால் கல் பொடிந்து துளை அகலமாகிவிடும், பிளக் பிடிக்காது. அதிர்வில்லாமல் மெதுவாகத் துளையிட்டு, சுண்ணாம்போ சிமெண்டோ நிரப்பிய பிறகே திருக வேண்டும். பிவிசி உறை வெளிப்பக்கம் சற்றுச் சரிந்து இருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே வராது.

சிலிண்டர் நிற்கும் இடத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். எனவே சாக்கடை வாய், தண்ணீர்த் தொட்டி மூடி, இன்வெர்ட்டர் இவற்றை விட்டு விலகி இருக்கட்டும். இரும்புக் கூண்டைவிடச் செங்கல் மாடம் நல்லது; அடியில் தரைமட்டத்தில் காற்றுத் துளைகள், முன்பக்கம் திறப்பு. ஈர மணலில் நின்றால் சிலிண்டரின் அடி வளையம் துருவேறும், ஆகவே மேடை கட்டி நிறுத்துங்கள். சுவரோடு ஒரு சங்கிலியும் வேண்டும். 14.2 கிலோ எரிவாயு நிரம்பிய சிலிண்டரின் மொத்த எடை சுமார் 30 கிலோ. அதன் உட்கொள்ளளவே 33.3 லிட்டர். புயல் மழையில் தண்ணீர் ஏறினால் நிரம்பிய சிலிண்டரே மிதக்கும், குழாயையும் இழுத்துக்கொண்டு போகும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் மணல் பறந்து ரெகுலேட்டரின் மூச்சுத்துளை அடைபடாமல் மேலே ஒரு மறைப்பு போடுங்கள்.

ரப்பர் ஹோஸ் திரும்பத் திரும்ப வரும் செலவு. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஆரஞ்சு நிற ஹோஸை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெளியில் இருப்பது வெயிலில் சீக்கிரம் வெடிப்பு விடும், புரட்டாசியில் மழைக்கு முன் மடக்கிப் பாருங்கள்.

கடைசியாக, சோதனை என்று எஸ்டிமேட்டில் தனி வரி இருக்க வேண்டும். ரெகுலேட்டரையும் அடுப்பையும் கழற்றிவிட்டு, குழாயில் காற்றை ஏற்றி, கேஜ் (அழுத்தமானி) முள்ளை அரைமணி நேரம் பார்க்க வேண்டும். வீட்டு ரெகுலேட்டர் கொடுப்பது 30 மில்லிபார் அளவு அழுத்தம்தான். பஞ்சர் கடையில் இருப்பதுபோல 10 கிலோ அழுத்தம் வரை காட்டும் கேஜ் மாட்டினால் சிறு கசிவில் முள் அசைவதே கண்ணுக்குத் தெரியாது. குறைந்த அழுத்தக் கேஜ் கொண்டுவரச் சொல்லுங்கள். வெயில் ஏறுமுன் பாருங்கள், குழாய் சூடேறினால் அழுத்தம் கூடிக் கசிவை மறைத்துவிடும். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை. தீக்குச்சி கூடவே கூடாது. முள் அசையாமல் நின்று, நுரையில் குமிழி வராத பிறகு கூலியின் கடைசித் தவணையைக் கொடுங்கள். எரிவாயு அவசர உதவி எண் 1906. அதை மாடத்துச் சுவரிலும் அடுப்பங்கரையிலும் பெரிதாக எழுதி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.