உப்புநீர் விளக்கின் முன்னால்

வணக்கம். வன்னியில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். மற்றவர்களின் மனவடுவைக் கேட்டுக் கேட்டு எங்கள் சாமி நம்பிக்கை என்ன ஆகிறது என்று பேசச் சொன்னார்கள்.

பாதிக்கப்பட்டவர்களின் கதையைத் தொடர்ந்து கேட்பவருக்கும் உலகத்தின் மேலுள்ள நம்பிக்கை ஆட்டம் காணும் என்று 1990இல் மக்கான், பேர்ல்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதினார்கள். பயிற்சியில் படித்தபோது எனக்கு அது வராது என்றுதான் நினைத்தேன். வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிற ஆள் நான்.

அப்புறம் ஒரு அம்மா வந்தார். அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். கணவர் போர் முடிந்த 2009 மே மாதத்தில் காணாமல் போனவர். இவர் இன்னமும் பொட்டு வைக்கிறார். வளர்ந்துவிட்ட மகனை ஆடி அமாவாசை விரதம் பிடிக்கச் சொல்லிச் சொந்தக்காரர் நெருக்குகிறார்கள். தகப்பன் இல்லாதவர்கள் பிடிக்கிற விரதம் அது. பிடித்தால், அவர் இல்லையென்று தாங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. பிடிக்காமல் விட்டு, ஒருவேளை அவர் போயிருந்தால்? பசியோடு அலைவாரே.

“நீங்கள் கோயிலுக்குப் போறனீங்கள்தானே, சொல்லுங்கோ பிள்ளை” என்றார்.

“அம்மாளாச்சி பாத்துக்கொள்ளுவா” என்பது வாய்வரை வந்தது. எத்தனையோ பேருக்குச் சொன்ன வார்த்தை. அன்றைக்குத்தான் பட்டது, அவருடைய கேள்வியிலிருந்து நான் தப்பி ஓட அது நல்ல வழி என்று. சொல்லவில்லை. இரண்டு பேரின் தேத்தண்ணியும் ஆறிப்போனது.

கொஞ்சக் காலம் கோயில் பக்கம் போகவில்லை. வீட்டில் நல்ல ஏச்சு. என்னோடு வேலை செய்கிற கத்தோலிக்கப் பிள்ளை மடுவுக்குப் போய் மாதாவோடு சண்டை பிடித்துவிட்டு வருவாளாம். சண்டை பிடிக்கவாவது அவளுக்கு முடிந்தது.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் வந்தது. சிலாவத்தைக் கடலில் எடுத்த நீரில் முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் விளக்கேற்றுவார்கள். சின்ன வயதில் அது எனக்கு அதிசயம். அதே கரையில் வடக்கே போனால், போரின் கடைசி நாட்களைக் கண்ட முள்ளிவாய்க்கால். அந்தக் கடலைப் பற்றி எத்தனை கதை கேட்டுவிட்டேன்! முன்பென்றால் வேண்டுதல் பட்டியலோடு போவேன். இந்த முறை ஒன்றும் கேட்க வரவில்லை. ஆனாலும் எழும்பி வர மனமில்லை. அந்த அம்மாவோடு இருந்த மாதிரியே விளக்கின் முன்னால் இருந்தேன். இப்போது என் கும்பிடு அவ்வளவுதான்.

எங்கள் பயிற்சிகளில் இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. “சாமியோடு கோபம்” என்று சக ஊழியரிடம் வாய்விட்டுச் சொல்ல மாதத்தில் ஒரு மணித்தியாலமாவது வேண்டும்.

அந்த அம்மா தானே ஒரு வழி கண்டார். விரதம் கிடையாது. அமாவாசையன்று மகன் கையில் ஒரு சோற்றுப் பார்சல் கொடுத்துக் கோயில் வாசலுக்கு அனுப்பினார். யாருக்கு என்று அவன் கேட்டானாம்.

“பசிச்ச ஆளுக்கு” என்றாராம்.