திரிகைச் சத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்றைய இஸ்ரேலின் வடக்கே கலிலேயாக் கடல் என்று ஓர் ஏரி. அதன் வடகரையில் கப்பர்நகூம் என்று ஓர் ஊர் இருந்தது. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த யூதக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்கு உங்களை அழைத்துப் போகிறேன். இன்னும் விடியவில்லை. ஆனால் முற்றத்தில் திரிகைச் சத்தம் கேட்கிறது, வழி தப்பாது. திருகை என்கிறோமே, அதேதான்.

அந்த வட்டாரம் முழுக்க எரிமலைக் கறுங்கல். வீட்டுச் சுவரும் அதில்தான், திரிகையும் அதில்தான். நடுவில் முற்றம், சுற்றிலும் உறவுக்காரர்களின் அறைகள், மரச்சட்டமும் நாணலும் பரப்பி மண் பூசிய கூரை. முற்றத்தில் இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். மாமியாரும் மருமகளும் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி தள்ள, மற்றவள் இழுக்க, மேல்கல்லின் குழியில் பிடிபிடியாக வாற்கோதுமை விழுகிறது. கோதுமைக்கு வசதி வேண்டுமே.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு, மனைவியின் வேலைகளை வரிசையாகச் சொல்கிறது. அரைப்பதுதான் முதலில். பிறகு அப்பம் சுடுவது, துவைப்பது, சமைப்பது, பாலூட்டுவது, படுக்கை விரிப்பது, கம்பளி வேலை. பிறந்த வீட்டிலிருந்து ஒரு பணிப்பெண்ணை அழைத்து வந்தவள் அரைக்க வேண்டாம், சுட வேண்டாம், துவைக்க வேண்டாமாம். எந்த வேலை முதுகை ஒடித்தது என்று இதிலேயே தெரிகிறது.

ஆண்கள் வயலுக்கோ வலைக்கோ போய்விடுவார்கள். விளைச்சல் பொய்த்தால் கடன்தான். அங்கேதான் யூதர்களின் வேத நூல்களில் ஒன்றான உபாகமம் குறுக்கே நிற்கிறது. திரிகையை அடகாக வாங்கக் கூடாது, மேல்கல்லை மட்டும்கூட வாங்கக் கூடாது, அது உயிரையே அடகு வாங்குவது என்கிறது. மேல்கல் போனால் அந்த வீட்டில் அப்பம் இல்லை. அப்படித் தூக்கிப் போனதைக் கண்ணால் பார்த்து வயிறெரிந்தவர்கள் சொன்ன சொல் இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை மட்டும் வீடே பரபரக்கும். பொழுது சாய்ந்ததும் யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அந்த நாளில் விலக்கப்பட்ட 39 வேலைகளில் அரைப்பதும் ஒன்று. மாவு, அப்பம், குழம்பு எல்லாம் பொழுது சாயுமுன் முடிய வேண்டும். சூடு ஆறாதிருக்கப் பானையைத் துணியிலோ புறா இறகிலோ பொதிந்து வைப்பாள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தையும் பிரித்து வைக்க வேண்டும். ஓய்வுநாளில் முற்றத்தின் வழியே பொருள்களை எடுத்துப்போக, முற்றத்தார் எல்லோருக்கும் பொதுவாக உணவும் வைக்க வேண்டும். இருட்டப் போகும் நேரத்தில் வீட்டுக்காரர் கேட்பார்: “தசமபாகம் பிரித்தாயிற்றா? முற்றத்தாருக்கான பொது உணவை வைத்தாயிற்றா? விளக்கை ஏற்று.” இதைக் கடுமையாகச் சொல்லக் கூடாது, மெல்லச் சொல்ல வேண்டும் என்று பின்னாளில் வந்த ஆசிரியர்கள் சேர்த்தார்கள்.

நாடு பாழாவதைச் சொல்ல வந்த, பைபிளில் வரும் எரேமியா தீர்க்கதரிசி, திரிகையின் சத்தமும் விளக்கின் வெளிச்சமும் இல்லாமல் போகும் என்றார். இந்த இரவில் திரிகை ஓய்ந்திருக்கிறது, விளக்கு எரிகிறது. நாளைக் காலை அந்த மருமகள் விடிந்த பிறகு எழுந்திருக்கலாம்.