அரிவாள் யார் கையில் இருந்தது?

(பாளையங்கோட்டையில் இதழியல் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, பத்திரிகைக்காரன் நேர்மை என்றதும் எல்லாரும் கவர் பற்றித்தான் பேசுவார்கள். பிரஸ் மீட் முடிந்ததும் பைக்குள் திணிக்கிற கவர். அது கேவலம்தான், வாங்காதீர்கள். ஆனால் பத்துப் பைசாவுக்குக் கை நீட்டாதவர்கள்கூட நம் ஊரில் ஒரு பொய்யைக் கூசாமல் எழுதிவருகிறோம். 'இரு தரப்பினர் மோதல்' என்கிற பொய்.

பல வருஷத்துக்கு முன், நாங்குநேரிப் பக்கம் ஒரு ஊர். ராத்திரி பத்துப் பேர் ஒரு தெருவுக்குள் புகுந்து, திண்ணையில் படுத்திருந்த பையனை வெட்டிவிட்டுப் போனார்கள். நேரில் போய் விசாரித்து, 'புகுந்து வெட்டினர்' என்றுதான் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் பேப்பரில் 'இரு தரப்பினர் மோதல். வாலிபர் காயம்' என்று வந்தது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வார்டில் அவனுடைய அம்மா அந்தப் பேப்பரை என் முன்னால் விரித்தார். "மோதல்னு போட்டிருக்கியளே, எங்க பக்கம் யாரு கையில அருவா இருந்துச்சு? சொல்லுங்கய்யா."

"சாதிப் பேரைப் போட்டால் கலவரம் பரவும்" என்றார்கள், செய்தியைத் திருத்தி அச்சுக்கு அனுப்புகிற டெஸ்க்கில். பேரைத் தவிர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை; பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கிற பிரஸ் கவுன்சிலின் நெறிமுறையும் அங்கே நிதானம் வேண்டும் என்றுதான் சொல்கிறது. சாதியை விடலாம். யார் யாரை வெட்டினார் என்பதையுமா விடுவது? அந்த வரி பேப்பரோடு நிற்பதில்லையே! வெட்டியவர்கள் பக்கமிருந்து ஒரு எதிர்ப்புகார் வரும். ரெண்டு பக்கமும் வழக்கு. அப்புறம் 'ரெண்டு பேரும் வாபஸ் வாங்குங்க' என்று பேச்சுவார்த்தை. தையல் பிரிக்காத தோளோடு அவன் சமரசத்துக்கு உட்கார வேண்டும்.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போன ஊர்வலம். கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி. தப்பிக்க ஆற்றுக்குள் ஓடினார்கள். தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். பெண்களும் ஒரு குழந்தையும் அதில் உண்டு. 'ஆற்றில் 17 பேர் பலி' என்று எழுதிப் பாருங்கள். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. தடியை மட்டும் காணோம்.

பிரஸ் கவுன்சில் ஒரு பத்திரிகையை எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட அதற்கு அதிகாரம் கிடையாது. அந்த அம்மாவை அங்கே போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திருத்தம் போடுங்கள் என்று ஆபீசில் மூன்று நாள் கேட்டேன். போடவில்லை. நாலாவது நாள் நான் கேட்கவில்லை.