கடைசி இரண்டு வாரம் ஓய்வுக்கே சொந்தம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் எல்லாருக்கும் வணக்கம். மாரத்தான் மாதிரி நீண்ட தூரப் பந்தயம் நெருங்கும்போது ஓட்டக்காரருக்குக் கைகொடுப்பது கடும் பயிற்சியா, ஓய்வா என்பது தலைப்பு. ஓய்வுதான் என்று பேச வந்திருக்கிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். பயிற்சி வேண்டாம் என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை. மாதக்கணக்கில் ஓடிப் பழகாமல் 42.195 கிலோமீட்டரை யாரும் ஒழுங்காக முடிக்க முடியாது, அது எங்களுக்கும் தெரியும். எங்கள் வழக்கு கடைசி இரண்டு மூன்று வாரத்தைப் பற்றியது.

எதிரணித் தலைவர் "அடுத்தவன் தூங்கும் நேரத்தில் நீ ஓடு" என்றார், கைதட்டலும் பலமாக விழுந்தது. ஆனால் அப்படி ஓடி முடித்த நிமிடத்தில் உடம்பு என்ன நிலையில் இருக்கும் என்பதை அவர் சொல்லாமலே விட்டுவிட்டார். நான் சொல்கிறேன். தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்பட்டிருக்கும், தசையில் எரிபொருளாகச் சேர்த்து வைத்திருந்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து பெருமளவு கரைந்திருக்கும், மறுநாள் அதே வேகத்தில் ஓடச் சொன்னால் கால் கேட்காது. அதாவது, ஓட்டத்தை முடித்த மனிதர் ஓடத் தொடங்கிய மனிதரைவிட அந்த நேரத்தில் பலவீனமானவர். பலம் வருவது அதற்கு அப்புறம்தான், தூக்கத்திலும் சாப்பாட்டிலும் சும்மா இருக்கும் மணி நேரங்களிலும் உடம்பு தன்னைச் சரிசெய்து, முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டிக்கொள்ளும்போது. கான்கிரீட் போட்ட தளத்தில் மறுநாளே பாரம் ஏற்ற மாட்டோம், இறுகுவதற்கு நாள் கொடுப்போம் இல்லையா? அந்த நாட்களைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

எமில் ஜாட்டோபெக்கை ஓட்டம் தெரிந்தவர்கள் மறக்க மாட்டார்கள். செக்கோஸ்லோவாக்கியாவின் அந்த வீரர் 400 மீட்டர் ஓட்டத்தை ஒரே நாளில் பல பத்து முறை திரும்பத் திரும்ப ஓடிப் பழகியவர். கடும் பயிற்சிக்கு உதாரணம் கேட்டால் எதிரணியே அவர் பெயரைத்தான் முதலில் சொல்லும். 1950இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் நடக்க இருந்த நேரத்தில் உணவு நஞ்சாகி மருத்துவமனையில் படுத்துவிட்டார். போட்டி நெருங்கிய பிறகுதான் வெளியே வந்தார். 10,000 மீட்டரில் மற்ற எல்லாரையும் கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று பின்னுக்குத் தள்ளி ஜெயித்தார், 5,000 மீட்டரில் இரண்டாவதாக வந்தவரைவிட 23 விநாடி முன்னால் முடித்தார். இதைக் கேட்டதும் எதிரணியில் ஒருவர் "அது அவர் முன்பு எடுத்த பயிற்சியின் பலன்" என்று எழுந்திருப்பார். ஆமாம், அதேதான் ஐயா! முன்பு எடுத்த பயிற்சியின் பலன்தான். அது வெளியே வந்தது, அவர் தானாக ஒருநாளும் எடுத்திருக்க மாட்டாத ஓய்வு அவர்மேல் வந்து விழுந்ததால்.

ஒரு மனிதரின் கதையை மட்டும் வைத்துத் தீர்ப்பு கேட்பது நியாயமில்லை, அதனால் ஆய்வுக்கு வருகிறேன். 1992இல் கனடாவில் ஒரு சோதனையின் முடிவுகள் வெளிவந்தன. நடுத்தரத் தூர ஓட்டக்காரர்களுக்குப் பந்தயத்துக்கு முந்தைய வாரத்தை மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று, முழு ஓய்வு. இன்னொன்று, மெதுவான ஓட்டம். மூன்றாவதில் ஓடும் தூரத்தை வெகுவாக வெட்டிவிட்டு, மிச்சமிருந்த கொஞ்ச ஓட்டத்தையும் நல்ல வேகத்தில் ஓடவிட்டார்கள். ஒரே வேகத்தில் சோர்ந்து நிற்கும்வரை எவ்வளவு நேரம் ஓட முடிகிறது என்று பார்த்தபோது மூன்றாவது முறையில் அந்த நேரம் 22 சதவீதம் கூடியிருந்தது. முழு ஓய்வில் முன்னேற்றம் இல்லை. இதை எதிரணி பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன், ஏனென்றால் ஓய்வு என்று நாங்கள் சொல்வது பதினைந்து நாள் கட்டிலில் கிடப்பதை அல்ல. தூரத்தைக் குறை, வேகத்தை விடாதே. 2007இல் இப்படிப்பட்ட பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் கிட்டத்தட்ட இதே விடைதான் வந்தது: சுமார் இரண்டு வாரம், ஓடும் அளவில் 41 முதல் 60 சதவீதம் வரை குறைப்பு, வேகத்திலும் வாரத்தில் ஓடும் நாட்களின் எண்ணிக்கையிலும் கை வைக்காமல்.

இதனால் கிடைக்கும் லாபம் சராசரியாக 3 சதவீதத்தை ஒட்டி இருக்கும், சிலருக்கு அரை சதவீதம், சிலருக்கு 6 சதவீதம்வரை. கேட்க அற்பமாகத் தோன்றலாம். நாலு மணி நேரத்தில் மாரத்தான் முடிப்பவருக்கு 3 சதவீதம் என்றால் ஏழு நிமிடம். கடைசி வாரத்தில் கூடுதலாக ஓடும் எந்த முப்பது கிலோமீட்டரும் அந்த ஏழு நிமிடத்தைத் தராது, ஏனென்றால் அந்த ஓட்டத்துக்கு உடம்பு பதில் சொல்லி முடிப்பதற்குள் பந்தயமே முடிந்திருக்கும். அதன் களைப்பு மட்டும் தொடக்கக் கோட்டில் கூடவே வந்து நிற்கும்.

அடுத்துப் பேசிய சகோதரி "இரண்டு வாரம் குறைத்தால் ஆறு மாத உழைப்பும் போய்விடுமே" என்று உண்மையான கவலையோடு கேட்டார். அவருக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஓடுகிற எல்லாருக்கும் இருக்கிற பயம் இது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. தினம் 40 நிமிடம், வாரத்தில் ஆறு நாள், கடுமையாகப் பயிற்சி எடுத்தவர்களின் நேரத்தை வேகம் குறையாமல் 26 நிமிடமாகவும் 13 நிமிடமாகவும் வெட்டினார்கள், அதுவும் 15 வாரத்துக்கு. அவர்களின் உச்ச ஆக்சிஜன் அளவு, அதாவது கடும் உழைப்பில் உடம்பு அதிகபட்சமாகப் பயன்படுத்த முடிகிற ஆக்சிஜன், இறங்கவில்லை. 13 நிமிடக் குழுவுக்கு நீண்ட நேரம் தாங்கும் திறன் மட்டும் கொஞ்சம் குறைந்தது, ஆனால் அது 15 வாரத்துக்குப் பிறகு எடுத்த கணக்கு, நாங்கள் கேட்பதோ இரண்டு வாரம். சகோதரி பயப்படுகிற சரிவு, அடியோடு நிறுத்தினால்தான் சீக்கிரம் தொடங்கும்.

சரி, அப்படியானால் குறைக்கிற நாட்களில் ஏன் உடம்பு கனக்கிறது? ஏன் இல்லாத முழங்கால் வலியெல்லாம் வருகிறது? இதைத்தான் நான் இந்த மேடையில் முக்கியமாகப் பேச நினைத்தேன், ஏனென்றால் மாதக்கணக்கில் உழைத்தவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறி, பந்தயத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது "எப்படி இருக்கிறேன் என்று பார்க்கலாம்" என்று இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடி, சேர்த்ததை எல்லாம் கொட்டிவிட்டு வந்து நிற்கிறார்கள், அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். எடைபார்க்கும் கருவியில் ஒரு கிலோ கூடுதலாகக் காட்டினால் அது பெரும்பாலும் எரிபொருள், கொழுப்பு அல்ல. வழக்கமாக ஓட்டத்தில் போகும் நேரம் கையில் மிஞ்சுவதால் ஒவ்வொரு சின்ன உறுத்தலையும் மனது பெரிதாக்கிக் காட்டும். நிஜமாகவே கூடிக்கொண்டே போகும் வலி வேறு, அதைக் கவனிக்கத்தான் வேண்டும். மற்றபடி இந்த மந்தம் உழைப்பு வீணாவதன் அடையாளம் அல்ல, அதை நம்பி ஓடப் போகாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் பந்தயத்துக்கு முன், கடைசி ஒன்றரை இரண்டு நாட்களில் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து என்பது விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் தரும் அளவு. அதே நாட்களில் கடுமையாக ஓடினால் அது தசையில் சேர்வதற்குள் எரிந்துபோகும்.

எதிரணியின் கடைசி ஆயுதம் ஆர்தர் லிடியார்ட். நியூசிலாந்தின் அந்தப் பயிற்சியாளர் தன் வீரர்களை வாரத்துக்கு 160 கிலோமீட்டர் ஓடவிட்டார், அவர்களில் பீட்டர் ஸ்னெலும் மர்ரே ஹால்பெர்க்கும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார்கள் என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அதே லிடியார்டின் திட்டத்தில் 160 கிலோமீட்டர் என்பது அடித்தளக் கட்டம் மட்டும்தான், பந்தயம் நெருங்க நெருங்க சுமையைக் குறைத்து வீரரைப் புத்துணர்ச்சியாக்கும் கட்டம் ஒன்றை அவரே வைத்திருந்தார். பாதித் திட்டத்தை மட்டும் காட்டி வாதாடுவது அவருக்கே செய்யும் அநியாயம்.

நடுவர் அவர்களே, எனக்குப் பின்னால் பேசப்போகும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன். உங்களை நம்பி ஒருவர் ஆறு மாதம் ஓடியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மாரத்தான், இன்று புதன்கிழமை. அவரை இப்போது 30 கிலோமீட்டர் ஓடச் சொல்வீர்களா, மாட்டீர்களா?