புது மவுத் ஆர்கனில் இரண்டாவது ஓட்டை மட்டும் ஏன் பேசவில்லை?

சரி, அடுத்த கேள்வி. பாகூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, பத்து ஓட்டை மவுத் ஆர்கன், சி ஸ்கேல், புதிதாக வாங்கி மூன்று நாள் ஆகிறது. ஊதினால் எல்லா ஓட்டையும் நன்றாகப் பேசுகிறது. இரண்டாவது ஓட்டையில் மூச்சை உள்ளே இழுத்தால் மட்டும் சத்தம் அமுங்கிப் பிசிறடிக்கிறது. ரீடு போய்விட்டதா? திருப்பிக் கொடுத்துவிடலாமா? முன்பு வைத்திருந்த நீளமான மவுத் ஆர்கனில் இந்தத் தொல்லையே இல்லை."

தம்பி, இன்றைக்கே திருப்பிக் கொடுக்காதீர்கள். எனக்கும் இதே இரண்டாவது ஓட்டையில்தான் வந்தது. நானும் உங்களைப் போல ட்ரெமோலோ என்ற இருபத்து நாலு ஓட்டை நீள மவுத் ஆர்கனில் பல வருடம் வாசித்துவிட்டுத்தான் பத்து ஓட்டைக்கு வந்தேன். வாங்கியபோது உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. இவ்வளவு சின்னதா என்று இருந்தது. ஊதிப் பார்த்தால் ட்ரெமோலோவில் கேட்கும் அந்த அலை இல்லை. அதில் ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு ரீடு (காற்றில் அதிர்ந்து சத்தம் தரும் மெல்லிய தகடு), ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் விலகி இருக்கும். அந்த விலகல்தான் அலையாகக் கேட்கிறது. இதில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரே ரீடு. குரல் நேராக, பளிச்சென்று வந்தது. அது உடனே பிடித்துவிட்டது. ஆனால் இரண்டாவது ஓட்டையை இழுத்தால் மாடு கத்துவது போல ஒரு சத்தம்.

நான்காம் நாள் காலையில் கடலூரிலிருந்து பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்கு வந்துவிட்டேன், மாற்றிக் கேட்பதற்காக. கடை இன்னும் திறக்கவில்லை. கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குக் கொஞ்சம் தள்ளி, காற்று முகத்தில் அடிக்காமல் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்கக் கூடாதே என்று மிக மெதுவாக, வெறுமனே மூச்சு விடுகிற அளவுக்கு இழுத்தேன். கணீரென்று பஞ்சமம், அதாவது ப, வந்தது! பலமாக இழுத்தேன், மறுபடி அமுங்கியது. மெதுவாக இழுத்தேன், மறுபடி வந்தது. அப்படியே அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

காரணம் இதுதான். பத்து ஓட்டையில் இருபது ரீடு. ஊதும் ரீடும் இழுக்கும் ரீடும் ஒரே அறையில் இருக்கின்றன. ட்ரெமோலோவில் இரண்டுக்கும் தனித்தனி அறை, அதனால்தான் உங்கள் பழையதில் இந்தத் தொல்லை இல்லை. இதில் இரண்டாவது ஓட்டையை ஊதினால் க, இழுத்தால் ப. நாக்கு மேலே எழும்பி வாய்க்குள் இடம் குறுகினால், இரண்டு ரீடும் சேர்ந்து அசைந்து, ப கீழே இறங்கி ம பக்கம் வழுக்கும். முழுதாக இறங்காமல் நடுவில் மாட்டிக்கொண்டால் நீங்கள் சொல்கிற அந்தப் பிசிறுதான்.

இப்போதே சோதித்துப் பாருங்கள். மூன்றாவது ஓட்டையை ஊதுங்கள். அதுவும் ப, அதே உயரம். அதைக் காதில் வைத்துக்கொண்டு இரண்டாவதை இழுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இழுப்பது தாழ்ந்து கேட்டால் ரீடில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு, வாய்தான் காரணம். கொட்டாவி விடும்போது நாக்கு எப்படிக் கீழே படுக்குமோ அப்படி வையுங்கள். மூச்சை வயிற்றிலிருந்து எடுங்கள், கன்னத்தால் உறிஞ்ச வேண்டாம். ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நம்மில் பலருக்குப் பாதிக் காற்று மூக்கு வழியாகப் போய்விடும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. இந்த மவுத் ஆர்கனில் நான்காவது ஓட்டையிலிருந்து ஏழாவது வரைதான் ச முதல் மேல் ச வரை முழுசாக இருக்கிறது, நம்முடைய சங்கராபரணம். கீழ் மூன்று ஓட்டையில் ம, த இரண்டும் கிடையாது. அங்கே ஜெர்மன்காரர்கள் பாட்டுக்குத் துணையாகக் கார்டு, அதாவது பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து, பிடிப்பதற்காக ஸ்வரங்களை அடுக்கியிருக்கிறார்கள். அந்த ம வேண்டுமென்றால் இரண்டாவது ஓட்டையில் ப-வை இழுத்து, வேண்டுமென்றே வளைத்துக் கீழே இறக்க வேண்டும். த வேண்டுமென்றால் மூன்றாவதில் நி-யை இறக்க வேண்டும். பெண்டிங் என்று எல்லோரும் கஷ்டப்பட்டுப் பழகுவது அதைத்தான். உங்கள் வாய் மூன்றே நாளில் அதைத் தானாகச் செய்கிறது. இப்போது தேவை, அது நடக்காமல் தடுக்கவும் தெரிவது.

அதுவரை மோகனம் வாசியுங்கள். நான்கு ஊது, நான்கு இழு, ஐந்து ஊது, ஆறு ஊது, ஆறு இழு, ஏழு ஊது. இரண்டாவது ஓட்டை பக்கமே போக வேண்டியதில்லை. ஏழாவதில் மட்டும் கவனம்: அதுவரை ஒவ்வொரு ஓட்டையிலும் ஊதுவது தாழ்ந்த ஸ்வரம், இழுப்பது உயர்ந்தது. ஏழில் அது தலைகீழ்.

வாசிக்கும் முன் வாயைக் கொப்பளியுங்கள். முடித்ததும் ஓட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி உள்ளங்கையில் தட்டி, துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு பெட்டியில் வையுங்கள். நம் பக்கத்து உப்புக்காற்றில் பித்தளை ரீடைத் திறந்து போட்டு வைக்கக் கூடாது.

ஒரு வாரம் இப்படிப் பாருங்கள். மெதுவாக இழுத்தும் தகரம் அதிர்வது போலக் கேட்டாலோ, சத்தமே வராவிட்டாலோ, அப்போது கடைக்குப் போங்கள். போகும் முன் மூன்று ஊதுவதையும் இரண்டு இழுப்பதையும் அடுத்தடுத்துப் போனில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள், கேட்டுச் சொல்கிறேன்.