குண்டும் விரலும்

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு தலைவர் சுடப்பட்டார் என்று செய்தி வந்தால் நாம் முதலில் கேட்பது, சுட்டது யார்? அடுத்து, ஏன் சுட்டான், பின்னால் இருந்து ஏவியது யார்? குண்டு உடம்புக்குள் போன பிறகு யார் யார் கை வைத்தார்கள், எதைச் செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டிருக்கலாம் என்று கேட்பவர்கள் குறைவு. இன்றைக்கு நான் பேச வந்திருப்பது அந்தக் கேள்வியைப் பற்றி.

அமெரிக்காவின் 20ஆவது ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டை எடுத்துக்கொள்வோம். 1881 மார்ச் 4ஆம் தேதி பதவியேற்றார். நான்கே மாதம். ஜூலை 2, சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி வாக்கில், விடுமுறைக்குப் புறப்பட வாஷிங்டன் ரயில் நிலையத்துக்கு வந்தார். கூட இருந்தவர் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பிளெய்ன். மெய்க்காவலர் ஒருவர்கூட இல்லை. லிங்கன் கொலையுண்டு 16 ஆண்டுகள் ஆகியும் ஜனாதிபதிக்குக் காவல் போடும் வழக்கம் அங்கே வரவில்லை. சார்ல்ஸ் கிட்டோ என்பவன் பின்னாலிருந்து இரண்டு முறை சுட்டான். தேர்தலில் தான் செய்த பிரசாரத்துக்குக் கைமாறாக பாரிஸில் தூதரகப் பதவி கிடைக்கும் என்று மாதக்கணக்கில் அலைந்து, கிடைக்காமல் மனம் பிறழ்ந்தவன் அவன். அவனைப் பற்றி இவ்வளவு போதும்.

முதல் குண்டு கையை உரசிப் போயிற்று. இரண்டாவதுதான் உடம்புக்குள் இறங்கியது. படம் வரைந்து காட்ட வானொலியில் வழியில்லை, அதனால் ஒன்று செய்யுங்கள். வலது கையைப் பின்னால் கொண்டுபோய், முதுகெலும்பிலிருந்து ஓர் உள்ளங்கை அகலம் வலப்பக்கம் தள்ளி வையுங்கள். கடைசி விலா எலும்புகள் தட்டுப்படும். குண்டு நுழைந்த இடம் அது. 11ஆம் விலா எலும்பை முறித்துக்கொண்டு, முதுகெலும்பை நோக்கித் திரும்பி, இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பைத் துளைத்துக்கொண்டு இடப்பக்கம் போய், கணையத்துக்குக் கீழே நின்றுவிட்டது. தண்டுவடத்தில் படவில்லை. இதயம், நுரையீரல், கல்லீரல், குடல் எதிலும் படவில்லை. வலப்பக்கம் நுழைந்தது, இடப்பக்கம் தங்கியது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

உடம்புக்குள் குண்டோடு மனிதன் வாழ முடியுமா? தாராளமாக முடியும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டு பட்ட எத்தனையோ சிப்பாய்கள் அதை உள்ளே வைத்துக்கொண்டே பிழைப்பைப் பார்த்தார்கள். ஆண்ட்ரூ ஜாக்சன் 1806இல் ஓர் ஒற்றைக்கொற்றைச் சண்டையில் மார்பில் குண்டு வாங்கினார். இதயத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் எடுக்க முடியவில்லை. அதோடேயே ஜனாதிபதியாகி, இரண்டு முறை ஆண்டு, 1845இல் இறந்தார். 39 ஆண்டுகள். சூடேறிய ஈயம் உள்ளே போய் நின்றுவிட்டால், உடம்பு தன் சதையாலேயே அதைச் சுற்றி உறை கட்டிவிடும். அந்த உறை கலையாமல் இருக்க வேண்டும். உள்ளே அழுக்குப் போகாமல் இருக்க வேண்டும்.

ரயில் நிலையத்தில் நடந்ததைக் கேளுங்கள். விழுந்த சில நிமிடங்களில் முதல் மருத்துவர் வந்தார். பொதுமக்கள் நடமாடும் தரையில் கிடந்தவரின் காயத்துக்குள், கழுவாத விரலை விட்டுத் துழாவினார். குண்டு அகப்படவில்லை. மாடி அறைக்குத் தூக்கிப்போனார்கள். அடுத்து வந்தவர் வில்லார்ட் பிளிஸ். பெற்றோர் அவருக்கு வைத்த முதற்பெயரே ‘டாக்டர்’. பட்டம் பெறும் முன்பே டாக்டர், பெற்ற பிறகு டாக்டர் டாக்டர் பிளிஸ். அவர் கையில் இருந்தது நெலட்டான் சலாகை. மெல்லிய கம்பி, முனையில் மெருகிடாத பீங்கான் உருண்டை. ஈயத்தில் உரசினால் வெள்ளைப் பீங்கானில் கறை படியும், குண்டு அங்கே இருக்கிறது என்று தெரியும். இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டி குண்டு பட்டுக் கிடந்தபோது அவருக்காக 1862இல் உருவான கருவி அது, நல்ல யோசனைதான். ஆனால் கம்பி முறிந்த விலா எலும்புத் துண்டுகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. அதை அசைத்து அசைத்து வெளியே எடுத்தபோது நோயாளிக்கு எவ்வளவு வலித்திருக்கும்! பிறகு பிளிஸ் தம் சுண்டுவிரலை விட்டார். அவருக்குப் பின் இன்னொருவர், இன்னொருவர். பலபேர் கூடினால் பாம்பு சாகாது என்பார்கள். இங்கே பலபேர் விரல் போன இடமெல்லாம் புதிய பாதை திறந்தது. குண்டு போகாத பாதை.

காலில் முள் குத்தி உள்ளேயே முறிந்துபோனால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கண்ட ஊசியை வைத்துக் குத்திக் கிளறினால் மறுநாள் வீங்கும், விண்விண்ணென்று தெறிக்கும், சீழ் கட்டும். அதற்கும் மேலே போனால் புரையோடிவிட்டது என்போம். புரையோடுதல் என்பது எவ்வளவு துல்லியமான சொல் பாருங்கள். மேலே சிறு வாய், உள்ளே குகை போல நீண்டுகொண்டே போகும் பொந்து. கார்ஃபீல்டுக்கு நடந்தது அதுவே.

அந்தக் காலத்தில் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்திருந்தது. ஜோசப் லிஸ்டர் கிளாஸ்கோவில் கார்பாலிக் அமிலத்தால் காயத்தையும் கையையும் கருவியையும் கழுவிச் சிகிச்சை செய்து, அதை 1867இலேயே எழுதி வெளியிட்டுவிட்டார். கார்பாலிக் சோப்பின் வாசனை தெரியுமல்லவா, அந்த அமிலம்தான். 1876இல் பிலடெல்பியாவுக்கே வந்து, அமெரிக்க மருத்துவர்கள் முன்னால் மணிக்கணக்கில் விளக்கினார். கேட்டவர்களில் பலர் நம்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமி ஆளைக் கொல்லும் என்பதை அவர்களால் ஏற்க முடியவில்லை. காயத்திலிருந்து சீழ் நன்றாக வடிந்தால், குணமாகிறது என்று மகிழ்ந்த மருத்துவம் அது. ‘நல்ல சீழ்’ என்றே அதற்குப் பெயர். லிஸ்டர் எழுதி 14 ஆண்டுகள் கழித்து, நாட்டின் தலைவர் காயத்தில் கழுவாத விரல் போனது. அறிவு இல்லாமல் அல்ல, அறிவு கைக்கு வந்து சேராமல்.

இனி தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் இந்தக் கதைக்குள் வருகிறார். இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எக்ஸ்ரே வர இன்னும் 14 ஆண்டு இருக்கிறது. பெல் யோசித்தார். உடம்பைக் கிழிக்காமல் உலோகத்தைக் காதால் கண்டுபிடிக்க முடியாதா? இரண்டு கம்பிச்சுருள்கள். ஒன்றில் விட்டுவிட்டு மின்சாரம் பாயும். மற்றது தொலைபேசியின் காதுக்குழலோடு இணைந்திருக்கும். ஒன்றன்மேல் ஒன்று சற்றே விலக்கி, சரியான இடத்தில் வைத்தால் காதில் ஓசை வராது, முழு அமைதி. பக்கத்தில் ஓர் உலோகத் துண்டு வந்தால் அந்தச் சமநிலை கெட்டு ரீங்காரம் கேட்கும். வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் செல்பேசி இருந்து, அழைப்பு வரும்போது பெட்டி ‘டர்ர்’ என்று உறுமுமே, கம்பியைத் தொடாமலே ஒன்று இன்னொன்றில் ஓசை எழுப்புவது ஏறக்குறைய அப்படித்தான். விமான நிலையத்தில் நம்மைத் தடவிப் பார்க்கும் கருவியும் இதே குடும்பம்.

பெல் இரவுபகலாக வேலை செய்தார். தவிட்டு மூட்டைக்குள் குண்டை ஒளித்துவைத்துத் தேடினார். மாட்டிறைச்சித் துண்டுக்குள் வைத்துத் தேடினார். போரில் பட்ட குண்டு உடம்பிலேயே இருந்த பழைய சிப்பாய்களிடம் சோதித்தார். கருவி வேலை செய்தது. ஜூலை 26ஆம் தேதி வெள்ளை மாளிகைக்குக் கொண்டுபோனார். காதில் ஓயாத கொரகொர ஓசை. மின்தேக்கி ஒன்றைத் தவறாக இணைத்துவிட்டிருந்தார்கள். சரிசெய்துகொண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி மறுபடி போனார். இந்த முறை மெல்லிய ஓசை கேட்டது. ஆனால் ஓர் இடத்தில் அல்ல, அகலமான பரப்பு முழுவதும். மறுநாள் விசாரித்தபோதுதான் தெரிந்தது, நோயாளி படுத்திருந்த குதிரைமயிர் மெத்தைக்கு அடியில் எஃகுச் சுருள்வில் வைத்த இன்னொரு மெத்தை இருந்தது!

வில் மெத்தை மட்டும்தான் குற்றவாளியா? நான் முன்பு நினைவில் வைக்கச் சொன்னதை இப்போது எடுங்கள். குண்டு நுழைந்தது வலப்பக்கம், தங்கியது இடப்பக்கம். குண்டு வலப்பக்கம் கல்லீரல் அருகே இருக்கிறது என்று பிளிஸ் அறிவித்துவிட்டார். அதனால் பெல்லை வலப்பக்கம் மட்டுமே தேட விட்டார். நோயாளியோ காலில் சுள்ளென்று இழுக்கும் வலி என்று முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். காயம் இடுப்பில் இருக்கக் காலில் வலித்தால், முதுகெலும்பில் அடிபட்டிருக்கிறது என்று பொருள். குண்டு நடுக்கோட்டைத் தாண்டியிருக்கலாம் என்று பொருள். அந்த வாக்கு காதில் விழவில்லை. உலகின் மிக நுட்பமான கருவியைக் கொண்டுவந்து, தப்பான பக்கத்தில் வைத்தார்கள். அதே ஆகஸ்டில் பெல்லின் பச்சிளம் மகன் இறந்துபோனான். அந்தத் துயரத்திலும் அவர் கருவியைத் திருத்துவதை விடவில்லை.

இன்னொரு கருவியையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஜூலை மாதத்து வாஷிங்டன் புழுக்கத்தில் நோயாளி வெந்துகொண்டிருந்தார். கடற்படைப் பொறியாளர்கள் ஒரு பெட்டிக்குள் பருத்தித் துணித் திரைகளைத் தொங்கவிட்டு, பனிக்கட்டி உருகிய நீரை அவற்றில் சொட்டவிட்டு, விசிறியால் காற்றைத் தள்ளிக் குழாய் வழியே அறைக்குள் அனுப்பினார்கள். நம் வீடுகளில் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிக்கும் தத்துவம்தான். அறையின் வெப்பம் ஏறத்தாழ 20 ஃபாரன்ஹீட் டிகிரி குறைந்தது. அந்த அறையில் அவருக்கு உண்மையில் ஆறுதல் தந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஜூலை 23இல் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வந்தன. காயத்தை அகலப்படுத்தி எலும்புத் துண்டுகளை எடுத்தார்கள். சீழ் நின்றபாடில்லை. கன்னத்துக்குப் பக்கத்துச் சுரப்பி வீங்கிச் சீழ் கட்டியது. சாப்பாடு தங்காமல், மாட்டிறைச்சிச் சாற்றையும் முட்டைக் கருவையும் ஆசனவாய் வழியே ஏற்றினார்கள். ஏறத்தாழ 95 கிலோ இருந்த மனிதர் 60 கிலோவுக்கு வந்தார். செப்டம்பர் 6ஆம் தேதி கடற்காற்றுக்காக நியூ ஜெர்சியின் எல்பெரானுக்கு ரயிலில் கொண்டுபோனார்கள். வீட்டு வாசல் வரை ஊர் மக்கள் ஒரே இரவில் தண்டவாளம் போட்டிருந்தார்கள். கடைசி மேட்டில் எஞ்சின் ஏற முடியாமல் நின்றபோது ஆட்களே பெட்டியைக் கையால் தள்ளி ஏற்றினார்கள். செப்டம்பர் 19 இரவு பத்தரை மணிக்கு அவர் உயிர் பிரிந்தது.

பிரேதப் பரிசோதனையில் எல்லாம் தெரிந்தது. குண்டு முதுகெலும்புக்கு இடப்பக்கம் இரண்டரை அங்குலத்தில், உடம்பு கட்டிய உறைக்குள் சலனமில்லாமல் இருந்தது. வலப்பக்கம், காயத்தின் வாயிலிருந்து தொடையிடுக்கு வரை இறங்கிய நீண்ட சீழ்ப்பாதை. குண்டின் பாதை என்று அத்தனை நாளும் நம்பிக் கழுவிக்கொண்டிருந்தது அதைத்தான். மண்ணீரலுக்குப் போகும் தமனி வெடித்து இரத்தம் பெருகியது கடைசி அடி. அந்தத் தமனிச் சேதம் குண்டால் வந்தது, சுத்தமான கைகளாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று சொல்லும் மருத்துவர்கள் இன்றும் உண்டு. அந்த வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் 80 நாள் அவதியையும் 35 கிலோ இழப்பையும் குண்டின் கணக்கில் எழுத எனக்கு மனம் இல்லை.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். வயலிலோ பட்டறையிலோ சாலையிலோ யாருக்காவது கம்பியோ கண்ணாடியோ ஆழமாகக் குத்திவிட்டால் பிடுங்காதீர்கள். விரல் விட்டுப் பார்க்காதீர்கள். குத்தியது அசையாதபடி இரண்டு பக்கமும் சுத்தமான துணியை அண்டைகொடுத்துக் கட்டி, அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உள்ளே எதுவும் நிற்கவில்லை, இரத்தம் மட்டும் வருகிறது என்றால் மடித்த துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். பத்து நிமிடமாவது, நடுவில் தூக்கித் தூக்கிப் பார்க்காமல். காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

நேரம் நெருங்கிவிட்டது. இன்னும் மூன்று பேரைப் பற்றிச் சொல்ல எடுத்து வந்தேன், சுருக்கமாகவே முடியும்.

1901 செப்டம்பர் 6, பஃபலோ நகரக் கண்காட்சியில் ஜனாதிபதி மெக்கின்லி வயிற்றில் சுடப்பட்டார். இரைப்பையின் இரண்டு ஓட்டைகளையும் தைத்தார்கள். வெளிச்சம் போதாமல் கண்ணாடி பிடித்து வெயிலைத் திருப்பினார்கள். குண்டு கிடைக்கவில்லை. கசிவு வெளியேற வடிகுழாய் வைக்காமலே வயிற்றை மூடினார்கள். அதே கண்காட்சியில் எக்ஸ்ரே கருவி இருந்தது, பயன்படுத்தவில்லை. உள்ளே சதை அழுகி 14ஆம் தேதி இறந்தார். அதன்பிறகே ஜனாதிபதிக்கு நிரந்தரக் காவல் வந்தது. அவருக்குப் பின் பதவிக்கு வந்த தியடோர் ரூஸ்வெல்ட் 1912இல் மில்வாக்கியில் மார்பில் சுடப்பட்டார். சட்டைப்பையில் இருந்த மூக்குக்கண்ணாடிப் பெட்டியும், மடித்துவைத்த 50 பக்கச் சொற்பொழிவும் வேகத்தைத் தணித்தன. இருமிப் பார்த்தார், வாயில் இரத்தம் இல்லை, நுரையீரலில் படவில்லை என்று தெரிந்துகொண்டார். மருத்துவர்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, குண்டைத் தொடாமல் விட்டார்கள். 1919இல் இறக்கும்வரை அது உள்ளேயே இருந்தது.

1981 மார்ச் 30, ஜனாதிபதி ரொனால்ட் ரீகன் சுடப்பட்டார். கார் வெள்ளை மாளிகையை நோக்கித்தான் போனது. உதட்டில் சிவந்த, நுரைத்த இரத்தத்தைப் பார்த்த ஜெரி பார் என்ற மெய்க்காவலர் காரை மருத்துவமனைக்குத் திருப்பச் சொன்னார். உடையை வெட்டியெடுத்த பிறகே இடது அக்குளுக்குக் கீழே சிறு கீறல் தெரிந்தது. உடம்பின் இரத்தத்தில் பாதிக்குமேல் போயிருந்தது. இரத்தம் ஏற்றி, எக்ஸ்ரேயில் இடம் பார்த்து, நுரையீரலிலிருந்து குண்டை எடுத்தார்கள். 12ஆம் நாள் அவர் வீடு திரும்பினார். கார்ஃபீல்டுக்கு 12ஆம் நாள் ஜூலை 14. அன்றும் குண்டு வலப்பக்கம் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நன்றி, வணக்கம்.